கேட்டு வாங்கும் கூலி

வாசகர் கேள்வி பதில்

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில் புல் வெட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் 17 ஆண்டுகள் தோட்டப் பட்டறையில் டிராக்டர்களோடு கிடந்தவன். அந்த ஒரு தகுதியை வைத்துத்தான் வேலையை விட்டுச் சொந்தத் தொழில் தொடங்குவது பற்றிய இந்தக் கேள்விகளை ஆசிரியர் என்னிடம் தள்ளிவிட்டிருக்கிறார். படிப்பாளியின் பதிலை எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: ஐயா, எனக்கு 34 வயது. செம்பனை ஆலையில் பாய்லர் பிரிவில் 11 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அடிப்படைச் சம்பளம் 1,900 வெள்ளி (ரிங்கிட்). மிகைநேரம் சேர்ந்தால் 2,800 வரை வரும். கம்பெனி வீட்டில் இருக்கிறோம், இரண்டு பிள்ளைகள். ஓய்வு நாளில் நண்பரோடு பூஞ்சாக் ஆலாம் பக்கம் ஏர்கோன் (ஏசி) கழுவப் போகிறேன். போன ஞாயிறு என் பங்காக மட்டும் 300 வெள்ளி கிடைத்தது. வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரமாகச் செய்யலாமா? மனைவி பயப்படுகிறார்.

பதில்: தம்பி, அந்த 300-ஐ 26 நாளால் பெருக்கி 7,800 என்று ஏற்கெனவே ஒரு தாளில் எழுதிப் பார்த்திருப்பீர்கள். நானும் எழுதினேன். 2004-ஆம் ஆண்டு, பட்டறையின் பின்பக்கம் உட்கார்ந்து, கிழிந்த சிமெண்டுப் பையின் தாளில். அந்தத் தாளை மனைவி இன்னும் வைத்திருக்கிறார், வாய்ச்சண்டை வரும்போது எடுத்துக் காட்டுவதற்காக.

ஞாயிற்றுக்கிழமை ஏன் 300 கிடைத்தது என்று யோசியுங்கள். அன்றைக்குத்தான் பூஞ்சாக் ஆலாமில் வீட்டில் ஆள் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் குடியிருப்புத் தாமான்களில் போய் நின்று பாருங்கள். கணவனும் மனைவியும் வேலைக்குப் போயிருப்பார்கள், பூட்டிய கேட்டுக்குள் நாய் மட்டும் குரைக்கும். வார நாளில் வேலை வேண்டுமென்றால் கடைகள், கிளினிக்குகள், பாலர் பள்ளிகள், சிறு தொழிற்சாலைகள் என்று நீங்களாகப் படியேறிக் கேட்க வேண்டும். அவர்களும் கையோடு காசு தரமாட்டார்கள். பில் வைத்துவிட்டுப் போகச் சொல்வார்கள், மாதக் கடைசியில் வரச் சொல்வார்கள், அப்புறம் கணக்குப் பார்க்கும் பெண் விடுமுறையில் இருக்கிறார் என்பார்கள். ஏர்கோனைக் கழுவுவது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இந்தப் படியேறுகிற வேலை தெரியுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது, உங்கள் சம்பளம் 2,800 என்று எழுதியிருப்பது தவறு. தோட்டத்திலும் ஆலையிலும் இருப்பவர்கள் எல்லாரும் இந்தத் தவற்றைச் செய்கிறோம். 1,900-க்கு முதலாளி தரப்பில் ஊழியர் சேமநிதிக்கு 13 விழுக்காடு போகிறது, அது 247 வெள்ளி. மிகைநேரத்துக்குச் சேமநிதி கிடையாது, அதனால் அதோடு நின்றுகொள்கிறது. வீட்டுக்கு வாடகை தருவதில்லை. இதே ஊரில் சின்னத் தரை வீடு ஒன்றை 650-க்குக் குறைவாகப் பிடித்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். இதைக் கூட்டினாலே 3,700-ஐ நெருங்குகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கம்பெனிச் சீட்டோடு போகும் கிளினிக், சம்பளத்தோடு வரும் பொது விடுமுறை, மழை கொட்டினாலும் ஏறுகிற நாள்கூலி, இவற்றை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இப்போது ஏர்கோன் பக்கம் வாருங்கள். சாதாரணக் கழுவலுக்கு எங்கள் வட்டாரத்தில் 80 முதல் 100 வரை வாங்குகிறார்கள். பெட்ரோல், டோல், மருந்து, தண்ணீர் அடிக்கும் பம்பின் தேய்மானம், கூட வரும் பையனின் கூலி எல்லாம் போக ஒன்றுக்கு 55 வெள்ளி நிற்கும் என்று தாராளமாகவே வைப்போம். 3,700-ஐ எட்ட மாதம் 67, 68 ஏர்கோன்கள் கழுவ வேண்டும். நாளுக்கு இரண்டரைக்கு மேல், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு போக மற்ற எல்லா நாளும். நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் முன்னால் நாளுக்கு ஆறுகூட வரும். ஆண்டுக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டால் ஏர்கோனை யார் நினைப்பார்கள்? சன்னலைத் திறந்து வைத்துப் படுத்துக்கொள்வார்கள்.

முடியாது என்று சொல்லவில்லை. 67 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு இறங்குங்கள் என்கிறேன்.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பட்டணத்து ஆள்கள் எழுதும் அறிவுரைகளில் இது வராது. நகரத்தில் வேலையை விட்டால் வேலை மட்டும்தான் போகும். தோட்டத்தில் வேலையை விட்டால் கூரையும் சேர்ந்து போகும். நான் ராஜிநாமாக் கடிதம் கொடுத்த அன்றே தோட்டத்து எழுத்தரான கிராணி அதைப் படித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுச் சாவியை எப்போது தருவாய்?" என்பதுதான். கெட்ட மனிதர் அல்லர், அவர் வேலை அது. அம்மா அந்தத் தோட்ட லயத்து வீட்டில்தான் என்னைப் பெற்றார். பின்பக்கம் இரண்டு முருங்கை மரங்கள், ஒரு கோழிக்கூடு, அப்பா தகரத்தால் கட்டிய குளியலறை. எதுவும் எங்களுடையது இல்லை என்பது லாரி வந்து நின்ற பிறகுதான் உறைத்தது. அம்மா முருங்கைக் கொம்பு ஒன்றை ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு லாரியின் முன்னிருக்கையில் ஏறினார். நாங்கள் போனதோ மாடிக் கடைவீடு. கொம்பை நட மண்ணில்லை. பெயிண்ட் வாளியில் வைத்தார், மூன்று வாரத்தில் காய்ந்துவிட்டது. அதன்பின் பல மாதம் அம்மா என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆகவே, முதலில் வீடு. வாடகைக்கு ஒன்றைப் பார்த்து, முடிந்தால் கம்பெனி வேலையில் இருக்கும்போதே குடியேறிவிடுங்கள். மூன்று மாதம் வாடகை கட்டிக்கொண்டே ஆலைக்குப் போய் வாருங்கள். அந்த மூன்று மாதமே உங்களுக்கு விடை சொல்லிவிடும்.

வேலையை விடும்போது கோபத்தில் விடாதீர்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிராவிட்டால், ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவர் எட்டு வாரம் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்கிறது 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம். நீங்களாக விலகினால் வேலை இழந்தோருக்குச் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனம் தரும் காப்புறுதிப் பணம் கிடைக்காது. அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். பாய்லர் ஓட்டும் தகுதிச் சான்றிதழ் கையில் இருக்கிறதா? இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள். தொழில் சரிப்படாமல் போனால் உங்களைத் திரும்ப உள்ளே விடும் கதவு அதுதான். பலருக்கு அந்தக் கதவுகூட இல்லை.

தொழில்களைப் பதியும் எஸ்.எஸ்.எம். ஆணையத்தில் பதிவதைத் தள்ளிப்போடாதீர்கள். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். உங்கள் சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப்பெயர் வைத்தால் 60. அந்தக் காகிதம் இல்லாமல் எந்தக் கிளினிக்கும் உங்கள் பில்லைத் தொடாது. ஏர்கோனுக்குக் குளிர்பதன வாயு நிரப்பும் வேலையை முறையாகப் படிக்காமல் தொட வேண்டாம். புதிய ஏர்கோன்களில் வரும் ஆர்32 வாயு தீப்பற்றக்கூடியது. பாய்லரோடு பழகியவருக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

இன்னொன்று, அடிபட்டால் என்ன செய்வது? 2011-இல் என் இடது கட்டைவிரலை ஒரு புல் வெட்டும் பிளேடு பிளந்தது. 19 நாள் கடை பூட்டிக் கிடந்தது, 19 நாளும் ஒரு காசு வரவில்லை. பட்டறையில் இருந்தபோது அடிபட்டிருந்தால் சொக்சோ பார்த்திருக்கும். இப்போது சுயதொழில் செய்பவர்களுக்கும் வழி இருக்கிறது. 2017-இல் வந்த சட்டம் முதலில் டாக்சி ஓட்டுநர்களுக்கும் அவர்களைப் போல வாடகைக்கு வண்டி ஓட்டுபவர்களுக்கும்தான் இருந்தது, பிறகு மற்றத் தொழில்களுக்கும் விரிந்தது. காப்புறுதி செய்யும் வருமானத்தில் 1.25 விழுக்காடு கட்ட வேண்டும். மாதம் 1,550 வெள்ளி என்ற திட்டத்துக்கு ஆண்டுக்கு 232.80 வெள்ளி ஆகும். சேமநிதியும் நீங்களாகப் போட்டால்தான் உண்டு. சுயதொழில் செய்பவர்களுக்கான ஐ-சாரான் சேமநிதித் திட்டத்தில் ஆண்டுக்கு 2,500 போட்டால் அரசாங்கம் 500 சேர்க்கிறது, வாழ்நாள் மொத்தத்தில் 5,000 வரை. நான் முதல் எட்டு ஆண்டுகள் சேமநிதியில் ஒரு வெள்ளியும் போடவில்லை. இப்போது கணக்கு அறிக்கையைத் திறக்கும்போது அந்த எட்டு ஆண்டுகளும் பல் விழுந்த வாய் போலத் தெரிகின்றன.

மனைவி பயப்படட்டும். அவர் பயத்தைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள், என்னென்ன செலவு என்று. உங்கள் தாளைவிட அது சரியாக இருக்கும்.

கேள்வி: அண்ணா, கையுறைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு வீட்டில் தோசை மாவு அரைத்து விற்கிறேன். ஈஜோக்கிலும் சுற்றுத் தோட்டங்களிலும் நல்ல பெயர். ஆனால் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். "அப்புறம் தருகிறேன்" என்று சொல்லி எடுத்துப் போகிறார்கள். நான்கு மாதத்தில் 612 வெள்ளி நிற்கிறது. அதில் என் நாத்தனார் மட்டும் 140. எப்படிக் கேட்பது?

பதில்: தங்கச்சி, இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது உங்கள் கடிதம்தான்.

என் கடையில் மேசை இழுப்பறைக்குள் 555 நோட்டுப் புத்தகங்கள் ஒரு மைலோ டின் நிறைய இருக்கின்றன. கடன் கணக்கு எழுதும் உள்ளங்கையளவு புத்தகம், உங்களுக்குத் தெரியாததா? ஒவ்வொரு பக்கத்திலும் என் எண்ணெய்க் கட்டைவிரல் ரேகை. முதல் புத்தகத்தின் நாலாம் பக்கத்தில் "மண்டோர், பிளக், கார்ப்பரேட்டர் கழுவியது, 45" என்று எழுதியிருக்கிறது. ஏழு மாதம் அந்த 45 வெள்ளி வரவில்லை. நான் தோட்டத்தில் இருந்தபோது அந்த மண்டோர் எனக்கு மேலே இருந்த மேற்பார்வையாளர், காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பேரட்டில் பெயர் கூப்பிட்டவர். அவரிடம் போய் எப்படிக் கேட்பது? மாரியம்மன் திருவிழாவில் அவர் பால்குட வரிசையில் எதிரே வந்தார். நான் சட்டென்று பந்தல் கம்பத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். கடன் கொடுத்தவன் நான். ஒளிந்துகொண்டவனும் நான். அன்றைக்கு இரவு மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

சம்பளக்காரனாக இருந்த 17 ஆண்டுகளில் என் கூலியை நான் யாரிடமும் கேட்டதே இல்லை. மாதமானால் ஆபிஸ் சன்னலில் பெயர் கூப்பிடுவார்கள், கையெழுத்துப் போட்டு வாங்குவேன். கேட்காமல் வருவதுதான் கௌரவம் என்று உடம்பில் ஊறிவிட்டது. சொந்தத் தொழிலில் ஒவ்வொரு வெள்ளியையும் வாய் திறந்து கேட்க வேண்டியிருக்கிறது. முதுகு வலித்ததைவிட, கை கிழிந்ததைவிட, எனக்கு இதுதான் வலித்தது. நமக்குக் கேட்பது என்றாலே கையேந்துவது போல ஆகிவிடுகிறது. ஆனால் உங்கள் உளுந்து காசு கொடுத்து வாங்கியது, கிரைண்டர் மின்சாரத்தில் ஓடுகிறது, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தவர் நீங்கள். பிச்சைக்கு இங்கே எங்கே இடம்?

மண்டோரிடம் கடைசியில் கேட்டேன். எப்படித் தெரியுமா? அவர் இயந்திரத்தை இரண்டாவது முறை கொண்டுவந்தார். பழைய பெட்ரோலைத் தொட்டியிலேயே விட்டு, கார்ப்பரேட்டருக்குள் பிசின் கட்டியிருந்தது. கழற்றி, மூடியில் வைத்து, மெல்லிய கம்பியால் துளையைக் குத்திக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "அண்ணே, போன தடவை 45, இந்தத் தடவை 40, மொத்தம் 85" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவர், "ஐயோ, நான் கொடுத்துவிட்டேன் என்றல்லவா நினைத்தேன்!" என்று உடனே எடுத்துக் கொடுத்தார். நடிப்பு இல்லை, உண்மையிலேயே மறந்திருக்கிறார். ஏழு மாதம் நான் மட்டும்தான் அதைச் சுமந்திருக்கிறேன்.

நாத்தனார் மறந்திருக்க மாட்டார் என்று உங்கள் கடிதத்தின் தொனியிலிருந்து தெரிகிறது. இருக்கட்டும். அந்த 140-ஐ நீங்கள் கேட்காதீர்கள், உங்கள் கணவர் தம் அக்காவிடம் கேட்கட்டும். தங்கைதான் என்றால் இன்னும் சுலபம். வராவிட்டால் ஒரு கல்யாண மொய் வைத்ததாக எழுதிவிட்டு அந்தப் பக்கத்தை மூடுங்கள். ஆனால் அடுத்த பாக்கெட் காசு வந்த பிறகுதான். நான் இப்போது சொந்தக்காரர்களுக்கு விலையில் குறைப்பேன், கடன் மட்டும் தருவதில்லை. ஐந்து வெள்ளி குறைத்தால் "நம் ஆள்" என்று சந்தோஷமாகப் போகிறார்கள். கடன் கொடுத்தவரையோ அடுத்த கல்யாணத்தில் கண்டும் காணாமல் போகிறார்கள்.

போனிலேயே காசு கட்ட உதவும் டுயிட்நாவ் கியூஆர் அட்டை ஒன்றை வாசலில் மாட்டுங்கள். "சில்லறை இல்லை" என்ற சாக்கு அன்றோடு போய்விடும். மாவை எடுத்துக்கொண்டு வெளியே போக அந்த அட்டையைத் தாண்டித்தானே போக வேண்டும்?

உணவுத் தொழில் என்பதால் உணவு கையாள்வோர் பயிற்சியும் தைஃபாய்டு ஊசியும் கட்டாயம். இரண்டையும் முடித்துவிட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கேள்வி: தெக்கூன் என்ற அரசு நிறுவனம் மூலம் இந்தியத் தொழில்முனைவோருக்குக் கிடைக்கும் ஸ்பூமி கடன் வாங்கித் தொழில் தொடங்கலாமா? கடை வாடகைக்கும் முன்பணத்துக்கும் தேவைப்படுகிறது.

பதில்: இயந்திரம் வாங்க வாங்கலாம். வாடகைக்கு வாங்கக் கூடாது. நான் ஸ்பூமியில் 5,000 வெள்ளி எடுத்தேன், காற்றுக் கம்பிரஸரும் ஒரு வெல்டிங் பெட்டியும் வாங்க. கம்பிரஸர் இன்றைக்கும் ஓடுகிறது, கடனை அதுவே அடைத்தது. வாடகையோ மாதம் முடிந்தால் காற்று. தவணை மட்டும் நிற்கும். தொழிலே தொடங்காதவருக்கு விண்ணப்பத்தில் காட்ட வங்கிக் கணக்கு நடமாட்டமும் இருக்காது. ஆறு மாதம் வீட்டு வாசலில் நடத்திவிட்டு, வரவு செலவை எழுதிவைத்துக்கொண்டு போங்கள். அந்தக் கணக்கு வருமான வரிக்கும் வேண்டும். தொழில் வருமானம் உள்ளவர் பி பாரம் நிரப்ப வேண்டும், ஜூன் 30-க்குள். ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். எலி கடிக்காத இடத்தில்.

கேள்வி: என் கணவர் தோட்ட வேலையை விட்டு ஆறு மாதமாக மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். வருமானம் பரவாயில்லை. ஆனால் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். கடையைச் சாத்திவிட்டு வந்தும் போனைக் கீழே வைப்பதில்லை. இது மாறுமா?

பதில்: மாறும், அம்மா. கொஞ்சம் தாமதமாகும். தோட்டத்தில் திட்டுவதற்குத் துரை இருந்தார், மண்டோர் இருந்தார், ஆபிஸ் இருந்தது. சாயங்காலம் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எல்லாரையும் ஒரு பிடி பிடித்துவிட்டுப் படுத்தால் தூக்கம் வரும். இப்போது தவறு நடந்தால் திட்டுவதற்கு ஆளே இல்லை, தம்மைத் தவிர. அதனால் கையில் அகப்படுகிறவர்கள் மேல் விழுகிறது. நானும் விழுந்தேன்.

எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு பழக்கம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடை கிடையாது. பலகையில் அப்படியே எழுதிப் போட்டேன். முதல் சில மாதம் வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு திங்கட்கிழமையே கொண்டுவந்து கொடுத்தார்கள். உங்கள் கணவருக்கு எந்த நேரம் தோதுப்படும் என்று நீங்கள் பாருங்கள். அவரிடம் விட்டால் பார்க்கமாட்டார்.

கேள்வி: திரும்ப வேலைக்கே போய்விடலாம் என்று உங்களுக்கு எப்போதாவது தோன்றியதுண்டா?

பதில்: 2009, பிப்ரவரி. தோட்டங்களுக்கு மொத்தமாகப் பழுதுபார்த்துத் தந்த ஒரு குத்தகைக்காரர் 3,200 வெள்ளி பாக்கியோடு ஊரைவிட்டே போய்விட்டார். இரண்டு மாத வாடகை நின்றது. தீபாவளிக்கு எடுத்த சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, பசியாறாமல், பழைய தோட்டத்து ஆபிஸுக்கு மோட்டாரில் போனேன். கேட்டில் இருந்த காவலாளி என்னைப் பார்த்ததும், "நல்ல நேரத்தில் வந்தாய், இந்த மெஷின் மூன்று நாளாகக் கிளம்பவில்லை" என்று இழுத்து வந்து போட்டார். இஸ்திரிச் சட்டையோடு குத்துக்கால் போட்டு உட்கார்ந்தேன். பிளக்கில் கரி. சட்டைத் துணியாலேயே துடைத்தேன், இரண்டாம் இழுப்பில் கிளம்பியது. 15 வெள்ளி என்றேன். கேட்கக் கூச்சமாகவே இல்லை, அதை வீட்டுக்கு வரும் வழியில்தான் கவனித்தேன்.

ஆபிஸுக்குள் போகவில்லை. வாடகைக்கு மனைவியின் காப்பு ஒன்று அடகுக்கடைக்குப் போனது. திரும்பி வர 14 மாதம் ஆயிற்று.